தொலைதூர விமான நிலையங்களுக்கு இடையேயான தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இணையத்தில் உள்ள தூரக் கணிப்பானில் இரண்டு ஊர்களின் பெயரைத் தட்டினால் போதும், தூரம் இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று இரண்டு எண்கள் திரையில் வந்துவிடுகின்றன. அவற்றில் தூரத்தைப் பெரும்பாலும் நம்பலாம். நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும். பல கணிப்பான்கள் தூரத்தை மணிக்கு 800 அல்லது 900 கிலோமீட்டர் என்ற ஒரே வேகத்தால் வகுத்து விடையைக் கொடுத்துவிடுகின்றன. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்த நாட்டு வான்வெளி மூடியிருக்கிறது, விமானம் ஓடுபாதைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் அந்த வகுத்தலுக்குத் தெரியாது.

தூரம் ஒன்றுதான், நேரம் இரண்டு. போகும் நேரம் வேறு, திரும்பும் நேரம் வேறு. இந்த வழிகாட்டியை எழுதுவதே இதற்காகத்தான். சைன், கோசைன் பொத்தான்கள் உள்ள கால்குலேட்டரும் பொறுமையும் இருந்தால், எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் பெரும்பாலும் அரை மணி நேரப் பிசகுக்குள் விடை காண முடியும்.

முதல் படி: எந்த ஊர் என்பதல்ல, எந்த விமான நிலையம் என்பதே கேள்வி

ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போக நினைத்து, கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் உள்ள சிட்னியில் போய் இறங்கிய பயணிகள் உண்டு. மெல்போர்ன் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது, அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் இருக்கிறது. பர்மிங்காம் இங்கிலாந்தில் ஒன்று, அலபாமாவில் ஒன்று. சான் ஹோசே என்ற பெயர் கலிபோர்னியாவையும் குறிக்கும், கோஸ்டா ரிக்காவின் தலைநகரையும் குறிக்கும்.

ஆகவே ஊர்ப் பெயரை விட்டுவிட்டு மூன்றெழுத்துக் குறியீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். லண்டன் ஹீத்ரோ எல்எச்ஆர், நியூயார்க் கென்னடி ஜேஎஃப்கே, சிங்கப்பூர் சாங்கி எஸ்ஐஎன். டிக்கெட்டிலும் பைக்கு ஒட்டும் சீட்டிலும் இதுதான் அச்சாகிறது. ஒரே நகரத்துக்குப் பல நிலையங்கள் இருக்கும்போது நகரத்துக்கென்று பொதுக் குறியீடும் உண்டு. எல்ஓஎன் என்றால் லண்டனின் ஏதோ ஒரு நிலையம் என்றுதான் பொருள். தேடும்போது அது உதவும், கணக்கிடும்போது உதவாது.

இரண்டாவது படி: அட்சரேகையும் தீர்க்கரேகையும்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் இரண்டு எண்கள் தேவை. நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கு அல்லது தெற்கு என்பது அட்சரேகை. கிரீன்விச் கோட்டிலிருந்து எவ்வளவு கிழக்கு அல்லது மேற்கு என்பது தீர்க்கரேகை. வடக்கும் கிழக்கும் கூட்டல் குறி, தெற்கும் மேற்கும் கழித்தல் குறி.

நாம் பயன்படுத்தப்போகும் மூன்று நிலையங்கள் இவை. ஹீத்ரோ: 51.47 வடக்கு, 0.46 மேற்கு. கென்னடி: 40.64 வடக்கு, 73.78 மேற்கு. சாங்கி: 1.35 வடக்கு, 103.99 கிழக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள், ஏனென்றால் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நுழைகின்றன. முதலாவது, பாகையும் (டிகிரி) கலையும் (மினிட்). 51 பாகை 28 கலை என்று எழுதியிருப்பதைச் சிலர் 51.28 என்று போட்டுவிடுகிறார்கள். ஒரு பாகைக்கு 60 கலைகள் என்பதால் 28 கலை என்பது 0.467 பாகை. சரியான எண் 51.467. இந்தச் சின்னப் பிழை ஹீத்ரோவைச் சுமார் 21 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிடும்.

இரண்டாவது, கழித்தல் குறியை மறப்பது. கென்னடி நிலையத்தின் 73.78 மேற்கைக் கிழக்கு என்று போட்டால் அந்தப் புள்ளி கிர்கிஸ்தான் மலைகளில் போய் விழுகிறது. ஆனால் ஹீத்ரோவிலிருந்து அந்த மலைக்குக் கணக்கிட்டால் வரும் தூரம் ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். உண்மையான நியூயார்க் தூரமோ 5,540. லண்டன் கிரீன்விச் கோட்டை ஒட்டியே இருப்பதால், கிழக்கே 74 பாகை போனாலும் மேற்கே 74 பாகை போனாலும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். விடை நம்பும்படி இருப்பதால் பிழை கண்ணிலேயே படாது. அதனால் எண்ணைப் போட்டதும் அந்தப் புள்ளியை ஒருமுறை வரைபடத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். பத்து விநாடி வேலைதான்.

மூன்றாவது படி: பெருவட்டத் தூரம்

உருண்டையான பூமியின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமி உருண்டை மாதிரி ஒன்று கையில் இருந்தால், இரண்டு ஊர்களிலும் நூலின் இரு முனைகளை வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் எந்த வழியே படிகிறதோ அதுதான் அந்தப் பாதை. சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் இதே பாதை வில்லாக வளைந்து தெரியும். கடலோடிகளுக்காக மெர்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் 1569இல் வரைந்த உலக வரைபடத்தின் வழி வந்தவை அவற்றில் பல. அந்த வரைபடத்தில் நேர்கோடு என்றால் திசைகாட்டி ஒரே கோணத்தில் நிற்கும் பாதை என்றுதான் பொருள். குறுகிய பாதை என்று பொருள் அல்ல.

நியூயார்க் லண்டனைவிடத் தெற்கே இருக்கிறது. ஆனாலும் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க்குக்கு உரிய பெருவட்டப் பாதை முதலில் வடமேற்காகக் கிளம்பி, அயர்லாந்தின் மேலாகப் போய், 53 பாகை வடக்கையும் கடந்து, பிறகுதான் தெற்கே இறங்குகிறது. விமானத்தின் திரையில் இதைப் பார்த்துவிட்டுச் சுற்றிப் போகிறார்கள் என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அதுதான் குறுக்குவழி.

இனி கணக்கு. இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளை ஒன்றோடொன்று பெருக்குங்கள். இது முதல் எண். இரண்டு அட்சரேகைகளின் கோசைன் மதிப்புகளைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனால் மீண்டும் பெருக்குங்கள். இது இரண்டாவது எண். இரண்டையும் கூட்டுங்கள். வரும் தொகை எந்தக் கோணத்தின் கோசைனோ (கால்குலேட்டரில் cos⁻¹ பொத்தான் அதைத் தரும்), அதுவே பூமியின் மையத்தில் இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட கோணம். பாகையில் உள்ள அந்தக் கோணத்தை 111.195ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைத்துவிடும். பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று கொண்டு, அதன் சுற்றளவை 360ஆல் வகுத்தால் வரும் எண்தான் 111.195.

சிங்கப்பூர் முதல் நியூயார்க் வரை போட்டுப் பார்ப்போம். சைன் 1.35 என்பது 0.02356, சைன் 40.64 என்பது 0.6513. பெருக்கினால் 0.0153. கோசைன்கள் 0.9997, 0.7588. பெருக்கினால் 0.7586. தீர்க்கரேகை வேறுபாடு 103.99ஐயும் 73.78ஐயும் கூட்டினால் வருவது, ஏனென்றால் ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு. ஆக 177.77 பாகை. அதன் கோசைன் கழித்தல் 0.9992. ஆகவே இரண்டாவது எண் கழித்தல் 0.7580. கூட்டுத்தொகை கழித்தல் 0.7427. அந்தக் கோசைனுக்கு உரிய கோணம் 137.96 பாகை. 111.195ஆல் பெருக்கினால் 15,340 கிலோமீட்டர்.

இந்த விடையைச் சரிபார்க்க ஓர் அழகான வழி இருக்கிறது. தீர்க்கரேகை வேறுபாடு 180க்கு மிக அருகில் இருப்பதால், குறுகிய பாதை கிட்டத்தட்ட வட துருவத்தின் மேலேயே போக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து துருவம் 88.65 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க் 49.36 பாகை. கூட்டினால் 138.01. நமக்குக் கிடைத்ததோ 137.96. கணக்கு சரி.

விரிதாளில் (எக்செல் போன்றவை) போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விரிதாள் மென்பொருள்கள் கோணத்தைப் பாகையில் அல்லாமல் ரேடியன் என்ற அலகில் எதிர்பார்க்கின்றன. பாகையை அப்படியே கொடுத்தால் பொருளற்ற விடை வரும். பாகையை பை (π, 3.1416) என்ற எண்ணால் பெருக்கி 180ஆல் வகுத்துவிட்டுப் போடுங்கள். இந்த வழியில் வரும் கோணமும் ரேடியனில்தான் இருக்கும் என்பதால் அதை 6,371ஆல் பெருக்க வேண்டும், 111.195ஆல் அல்ல.

பூமி முழு உருண்டை அல்ல, துருவங்களில் சற்றே தட்டை. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. அதனால் உருண்டைக் கணக்கில் அரை சதவீதம்வரை பிசகு வரலாம். ஹீத்ரோ, கென்னடி இடையே நம் கணக்கு 5,540 கிலோமீட்டர் என்கிறது. தட்டையையும் சேர்த்துக் கணக்கிடும் கருவிகள் 5,555 என்கின்றன. இரண்டு கணிப்பான்கள் இரண்டு விதமாகச் சொன்னால் கலங்க வேண்டாம், காரணம் பெரும்பாலும் இதுதான். பயணிக்கு இந்தப் பதினைந்து கிலோமீட்டர் ஒரு நிமிடத்து விஷயம். விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் தூரம் கூடாதா என்று சிலர் கேட்பதுண்டு. கூடும். 10,000 கிலோமீட்டருக்குச் சுமார் 17 கிலோமீட்டர் மட்டுமே.

அலகுகளில் கவனம் வையுங்கள். சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர், விமானத் துறை பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர். சிங்கப்பூர்-நியூயார்க் தூரம் சாதாரண மைலில் சுமார் 9,530, கடல் மைலில் சுமார் 8,280. மைல் என்று மட்டும் போட்டிருந்தால் எந்த மைல் என்று தெரிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள். குழப்பிக்கொண்டால் 15 சதவீதம் பிசகும்.

இன்னும் ஒரு சோதனை. பூமியின் சுற்றளவில் பாதி ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர். எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே குறுகிய தூரம் இதைத் தாண்டவே முடியாது. தாண்டினால் கணக்கில் கோளாறு, அல்லது வேறொரு ஊர் வழியாகப் போகும் தூரத்தைச் சேர்த்திருக்கிறார்கள்.

நான்காவது படி: விமானம் உண்மையில் எந்த வழியே போகிறது?

பெருவட்டப் பாதை கணிதம் தரும் பாதை. விமானம் பறப்பது அதையொட்டி, சில நேரம் அதைவிட்டு வெகுதூரம் விலகி. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் இடைநில்லா விமானம் துருவத்தின் மேல் போவதற்குப் பதிலாகப் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலின் மேல் கிழக்கு நோக்கிப் போகிறது. பறக்கும் தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. கூடுதல் தூரம் போனாலும் பின்னாலிருந்து தள்ளும் காற்று கிடைப்பதால் அதுவே லாபம்.

காற்றைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. 2022இல் ரஷ்ய வான்வெளி பல நாட்டு விமானங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பெருவட்டத் தூரம் சுமார் 7,830 கிலோமீட்டர். முன்பு ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த அந்தப் பயணம், ரஷ்யாவைச் சுற்றிப் போக வேண்டிவந்ததால் பதின்மூன்று மணி நேர அளவுக்கு நீண்டது. தூரம் கணிக்கும் கருவியில் எண் இம்மியும் மாறவில்லை. அந்தக் கருவி காட்டும் நேரத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் மூன்றரை மணி நேரம் பிசகியிருப்பார்கள்.

திபெத் பீடபூமியை விமானங்கள் கூடியவரை தவிர்க்கின்றன. கேபினில் காற்றழுத்தம் குறைந்தால் 10,000 அடிக்கு இறங்க வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரம். தென் பசிபிக்கில் வேறொரு கட்டுப்பாடு. சிட்னியிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்குப் பெருவட்டத் தூரம் சுமார் 11,340 கிலோமீட்டர், பாதையோ அண்டார்க்டிகா பக்கம் வெகு தெற்கே போகிறது. இரண்டு என்ஜின் விமானம் ஒரு என்ஜின் நின்றாலும் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதாவதொரு விமான நிலையத்தை எட்டக்கூடிய தொலைவிலேயே பறக்க வேண்டும் என்பது விதி. போயிங் 787க்கு 330 நிமிடம்வரை அனுமதி உண்டு. ஆளில்லாத அந்தக் கடல் பரப்பில் பாதையை முடிவு செய்வதில் இந்த விதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அட்லாண்டிக்கின் வட பகுதியில் பாதைகளே நாள்தோறும் மாறுகின்றன. அன்றைய காற்றைப் பார்த்து, மேற்கே போவதற்கும் கிழக்கே போவதற்கும் தனித்தனித் தடங்களை வகுக்கிறார்கள். நேற்றுப் போன வழியே இன்றும் போகும் என்று சொல்ல முடியாது.

கணக்குக்கு என்ன செய்வது? சாதாரணமான வழித்தடத்துக்குப் பெருவட்டத் தூரத்தோடு 3 முதல் 5 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடிய வான்வெளி குறுக்கே வருகிறதென்றால் சதவீதக் கணக்கு உதவாது. சுற்றுப்பாதையை இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் மேலே சொன்ன முறையில் கணக்கிட்டுக் கூட்டுங்கள்.

ஐந்தாவது படி: வேகமும் காற்றும்

தொலைதூர விமானங்களின் வேகத்தை ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டு மாக் என்று சொல்வார்கள். ஏர்பஸ் ஏ350, போயிங் 787 ஆகியவை சுமார் மாக் 0.85 வேகத்தில் பறப்பவை. ஏ320, போயிங் 737 போன்ற சிறிய விமானங்கள் 0.78 அளவில். பறக்கும் உயரத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 56 பாகை செல்சியஸ் அளவு. அங்கே ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,062 கிலோமீட்டர். ஆகவே பெரிய விமானத்துக்கு மணிக்கு 900, சிறியதற்கு 830 என்று வைத்துக்கொண்டால் போதும்.

இது காற்றுக்குள் விமானத்தின் வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஓடும் ஆற்றில் படகு விடுவதுபோல, ஓட்டத்தோடு போனால் கரை வேகமாக நகரும், எதிர்த்துப் போனால் மெதுவாக. நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் குறுகிய பலத்த காற்றோட்டம் உண்டு. ஜெட் காற்று என்று இதற்குப் பெயர். குளிர்காலத்தில் இது வலுக்கிறது. 2020 பிப்ரவரியில் கியாரா புயலையொட்டி இந்தக் காற்று மிகப் பலமாக வீசியபோது, போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியின் வேகத்தை மீறவில்லை, ஏனென்றால் சுற்றியிருந்த காற்றும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்தது.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் தானே எதிரே வந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. வேறுபாட்டை உண்டாக்குவது அந்தக் காற்று மண்டலத்துக்குள் வீசும் காற்றுதான்.

போகும்போது இழந்ததைத் திரும்பும்போது முழுதாக மீட்டுவிடலாம் என்பதும் சரியல்ல. 5,400 கிலோமீட்டர், வேகம் 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில்லாவிட்டால் போக ஆறு, வர ஆறு, மொத்தம் பன்னிரண்டு மணி. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று வீசினால் எதிர்காற்றில் 6 மணி 45 நிமிடம், பின்காற்றில் 5 மணி 24 நிமிடம். மொத்தம் 12 மணி 9 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் சிக்கிக்கொள்வதால் இழப்பே மிஞ்சும்.

மதிப்பீட்டுக்கு நான் பயன்படுத்தும் எண், நடு அட்சரேகைகளில் கிழக்கு-மேற்குப் பயணத்துக்குச் சராசரியாக மணிக்கு 70 கிலோமீட்டர் காற்று. குளிர்காலமானால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறேன். வடக்கு-தெற்குப் பயணத்துக்கும் நிலநடுக்கோட்டை ஒட்டிய பயணத்துக்கும் காற்றை விட்டுவிடலாம்.

ஆறாவது படி: சக்கரம் உருளத் தொடங்கியது முதல் நிற்கும்வரை

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வானில் பறக்கும் நேரம் அல்ல. வாயிலிலிருந்து விமானம் பின்னால் தள்ளப்படும் நொடி முதல், சேரும் ஊரின் வாயிலில் நிற்கும் நொடி வரையிலான நேரம். பிளாக் நேரம் என்று இதைச் சொல்வார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறும்போதும் இறங்கும்போதும் குறைந்த வேகம், தரையிறங்க வரிசையில் வட்டமடிப்பது எல்லாம் இதில் அடக்கம். பெரிய நிலையங்களுக்கு மொத்தமாக 45 நிமிடம் சேர்த்தால் சரியாக வரும்.

இப்போது லண்டன்-நியூயார்க் கணக்கை முடிப்போம். 5,555உடன் 3 சதவீதம் சேர்த்தால் சுமார் 5,720 கிலோமீட்டர். மேற்கே போகும்போது எதிர்காற்று, ஆகவே வேகம் 900இல் 70 போக 830. வகுத்தால் 6 மணி 53 நிமிடம், 45 நிமிடம் சேர்த்து 7 மணி 38 நிமிடம். திரும்பும்போது 70 கூடி, வேகம் 970. வகுத்தால் 5 மணி 54 நிமிடம், சேர்த்து 6 மணி 39 நிமிடம். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மணி நேரம். கால அட்டவணைகளில் இதற்கு மேலும் கொஞ்சம் இடம்விட்டிருப்பார்கள், தாமதமானாலும் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு நிற்க வேண்டும் என்பதற்காக.

ஏழாவது படி: கடிகாரக் கணக்கு

கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படி, சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி. எந்த டிக்கெட்டிலும் இதுதான் வழக்கம். ஒன்றிலிருந்து ஒன்றை நேராகக் கழித்தால் பயண நேரம் வராது. பிழையில்லாத ஒரே வழி, இரண்டையும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பது.

நியூயார்க்கில் ஜனவரி 10 இரவு 10 மணிக்குக் கிளம்பி, பதினெட்டரை மணி நேரம் பறந்து சிங்கப்பூர் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் நியூயார்க் உலக நேரத்துக்கு 5 மணி பின்னால், ஆகவே கிளம்புவது உலக நேரப்படி ஜனவரி 11 அதிகாலை 3 மணி. பதினெட்டரை மணி சேர்த்தால் இரவு 9.30. சிங்கப்பூர் 8 மணி முன்னால், ஆகவே அங்கே ஜனவரி 12 காலை 5.30. டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +2 என்று சிறியதாகப் போட்டிருப்பது இதற்குத்தான். அந்தச் சிறிய எண்ணைக் கவனிக்காமல் ஹோட்டல் அறையை ஒரு நாள் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால் பணம் வீண்.

பசிபிக் கடலின் நடுவே தேதி மாறும் இடமான தேதிக் கோட்டைத் தாண்டும்போது கணக்கு இன்னும் விசித்திரமாகத் தோன்றும். ஜூலையில் ஆக்லாந்திலிருந்து இரவு 8 மணிக்குக் கிளம்பினால் அது உலக நேரப்படி காலை 8 மணி. பன்னிரண்டு மணி நேரம் பறந்தால் உலக நேரம் இரவு 8, லாஸ் ஏஞ்சலிஸில் அதே தேதி பிற்பகல் 1 மணி. கடிகாரப்படி கிளம்புவதற்கு ஏழு மணி நேரம் முன்பே இறங்கிவிடுகிறோம். திரும்பும்போது இதற்கு நேர்மாறு. லாஸ் ஏஞ்சலிஸில் ஜூலை 10 இரவு 9.30க்கு ஏறிப் பதின்மூன்று மணி நேரம் பறந்தால் ஆக்லாந்தில் இறங்குவது ஜூலை 12 காலை 5.30க்கு. இடையில் ஜூலை 11 என்ற நாள் சில மணி நேரமே நம்மைத் தொட்டுப் போயிருக்கும். அந்த நாளில் மருந்து அட்டவணையோ காலக்கெடுவோ இருந்தால் முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

கோடைக்கால நேர மாற்றத்தையும் மறக்காதீர்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே நகர்த்துகிறார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்று. நடுவே இரண்டு மூன்று வாரங்களுக்கு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான 5 மணி நேரத்துக்குப் பதில் 4 மணி நேரமே வேறுபாடு. இலையுதிர்காலத்திலும் ஒரு வாரம் இப்படி. எல்லா வேறுபாடுகளும் முழு மணியாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். உலக நேரத்துக்கு இந்தியா ஐந்தரை மணி, நேபாளம் ஐந்தே முக்கால் மணி முன்னால் இருக்கின்றன.

எட்டாவது படி: வழியில் மாறி ஏறினால்

மிகத் தொலைவான பல ஊர்களுக்கு இடைநில்லா விமானம் கிடையாது. நேரடி விமானம் என்று விளம்பரத்தில் இருந்தாலும், வழியில் ஓர் ஊரில் நின்று அதே எண்ணோடு தொடர்வதாக இருக்கலாம். நிறுத்தங்கள் எத்தனை என்று கேட்டுவிடுங்கள்.

மாறும் ஊர் பெருவட்டப் பாதைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. லண்டன்-சிட்னி பெருவட்டத் தூரம் சுமார் 17,020 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாகப் போனால் இரண்டு கட்டங்களும் சேர்ந்து ஏறத்தாழ 17,180. கூடுதல் ஒரு சதவீதம்தான். துபாய் வழியாக 17,540. லாஸ் ஏஞ்சலிஸ் வழியாகவோ 20,830, அதாவது 22 சதவீதம் கூடுதல், கூடவே நான்கு மணி நேரத்துக்கும் மேல் அதிகப் பறப்பு. டிக்கெட் விலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கூட்டலை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, நடுவே காத்திருக்கும் நேரத்தைச் சேருங்கள். இணைப்பு விமானத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் வரையறை உண்டு. ஒரே டிக்கெட்டில் பதிவு செய்திருந்து முதல் விமானம் தாமதமானால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டானால் இழப்பு நம்முடையது. அப்படி எடுத்தால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். அன்றைய கடைசி விமானத்தை இணைப்பாக வைக்கவே வேண்டாம். அமெரிக்கா வழியாக வேறு நாட்டுக்குப் போனாலும் முதலில் இறங்கும் அமெரிக்க நிலையத்திலேயே குடியேற்றச் சோதனையை முடித்தாக வேண்டும். இரண்டு மணி நேர இடைவெளி அங்கே பதற்றத்தைத்தான் தரும்.

ஒன்பதாவது படி: நிஜத்தோடு ஒப்பிடுதல்

விமானங்களின் நகர்வைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்ற தளங்களில் விமான எண்ணைப் போட்டால், கடந்த சில நாட்களில் அது உண்மையில் எவ்வளவு நேரம் எடுத்தது, எந்த வழியே போனது என்று தெரியும். நம் மதிப்பீடு அரை மணிக்குள் பொருந்தினால் நிம்மதி. ஒரு மணிக்கு மேல் விலகினால் பாதையைப் பாருங்கள். சுற்றிப் போயிருக்கும், அல்லது காற்று வழக்கத்தைவிட வலுத்திருக்கும். போகும் வழி, வரும் வழி இரண்டையும் தனித்தனியாகவே ஒப்பிடுங்கள்.

வீட்டு வாசல் முதல் வாசல்வரை

சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். இறங்கியபின் குடியேற்றச் சோதனை, பைகள் வரும்வரை காத்திருப்பது என்று ஒன்று முதல் இரண்டு மணி நேரம். இரண்டு பக்கமும் சாலைப் பயணத்தையும் சேர்த்தால், ஏழரை மணி நேர விமானப் பயணம் பதின்மூன்று மணி நேரத்தை எளிதாகத் தொட்டுவிடும். முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்பவர்கள், உணவையும் மருந்தையும் இந்தப் பெரிய எண்ணை வைத்தே திட்டமிட வேண்டும்.

அழைத்துப் போக வருபவரிடம் பயணம் எத்தனை மணி நேரம் என்று சொல்வதால் பயனில்லை. விமான எண், இறங்கும் ஊரின் தேதி, அந்த ஊர்க் கடிகாரப்படி நேரம், டெர்மினல் ஆகிய நான்கையும் எழுதி அனுப்பிவிடுங்கள்.